விறகுவெட்டிகள் காத்த வனம்

லண்டன் மாநகரத்தின் வடகிழக்கில், லீ நதிக்கும் ரோடிங் நதிக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், வீடுகள் நெருங்கி நிற்கும் மேனர் பார்க்கிலே தொடங்கி எஸ்ஸெக்ஸ் பிரதேசத்துச் சிற்றூரான எப்பிங் வரையில், ஏறக்குறைய 12 மைல் நீளமும், மிகுந்துபோனால் இரண்டரை மைல் அகலமும் உள்ள எப்பிங் வனம் கிடக்கிறது. சுமார் 6,000 ஏக்கர் பரப்புள்ள இவ்வனத்துக்குள் நுழைவதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. காலால் நடப்பவனைத் தடுப்பதற்கு வாயிற்கதவும் இல்லை. ஒரு முழ நிலத்துக்கும் பெரும் பணம் கேட்கும் நகரத்தின் விளிம்பிலே இத்தனை பெரிய காடு ஜனங்களின் உல்லாசத்துக்கென்றே சட்டத்தினால் ஒதுக்கப்பட்டு நிற்பது எவ்வாறு நேர்ந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், இயற்கையின் சௌந்தரியத்தில் ஈடுபட்ட கனவான்களுக்கு முன்னதாக, குளிர்காலத்துக்கு விறகு வேண்டி நின்ற கூலிக்காரர்களே நம் கண்முன் வந்து நிற்கிறார்கள்.

நார்மானிய அரசர்களின் காலத்திலும் அதற்கு அடுத்த நூற்றாண்டிலும், எஸ்ஸெக்ஸ் பிரதேசத்தின் பெரும்பகுதி ராஜ வனமாக விதிக்கப்பட்டிருந்தது. ராஜ வனம் என்றால் நிலம் முழுவதும் ராஜாவுக்குச் சொந்தம் என்று நினைத்துவிடலாகாது. மண் அந்தந்தக் கிராமப் பண்ணைகளின் பிரபுக்களுக்கு உரியது. அம்மண்ணில் திரிந்த மான்களும், அவற்றை வேட்டையாடும் அதிகாரமும், மான்களின் நிமித்தமாக வேலி போடுவதையும் மரத்தை வேரோடு வெட்டுவதையும் தடுக்கும் அதிகாரமும் அரசனுக்கு உரியவை. புல்லும் விறகுக் கிளைகளுமோ, தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்த கிராமவாசிகளின் அநுபவத்தில் இருந்தன. ஒரே நிலத்தின்மேல் மூவகையாரின் பாத்தியதை இவ்விதம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததனால், மூவரில் எவரும் மற்ற இருவரையும் தள்ளிவிட்டு நிலத்தைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள இயலாமற் போயிற்று. அறுநூறு வருஷ காலம் அந்தக் காட்டைக் காத்தது, பரோபகாரம் அன்று, இந்தச் சிக்கலே. வன விதிகளின் கொடுமையால் குடிகள் பட்ட துன்பமும் கொஞ்சமல்ல. ஆயினும் மூன்றாம் ஹென்றி சிறுவனாகச் சிம்மாசனம் ஏறிய புதிதில், 1217-ஆம் வருஷத்தில், பிறந்த வன சாசனம், மானைக் கொன்ற குற்றத்துக்காக ஒருவனுடைய உயிரையோ அங்கத்தையோ பறிப்பதை நிறுத்தியதோடு, காட்டையொட்டி வாழ்ந்த சுதந்திரக் குடிகளின் அநுபோக பாத்தியதைகளையும் எழுத்தில் ஏற்றிக் கொடுத்தது.

அந்தப் பாத்தியதைகளின் நடைமுறை வெகு நுட்பமானது. ஒவ்வொரு பாரிஷுக்கும் தனித்தனி எழுத்து அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தை மாட்டின் உடம்பில் சூடுபோட்ட பிறகே அதைக் காட்டில் விடலாம். மான்கள் குட்டி ஈனும் பருவமாகிய ஆனி மாதத்தை ஒட்டி ஒரு மாத காலம் மாடுகளை வெளியே ஓட்டிவிட வேண்டும். வழக்குகளை விசாரிப்பதற்கு வன நியாயஸ்தலங்களும், அவற்றில் அமர்வதற்கு 'வெர்டரர்' என்ற அதிகாரிகளும் இருந்தார்கள். வன நியாயஸ்தலங்கள் மறைந்து எத்தனையோ காலமாகியும், நான்கு வெர்டரர்களை மேய்ச்சல் பாத்தியஸ்தர்கள் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் வழக்கம் எப்பிங் வனத்தில் இன்றளவும் நடந்துவருகிறது.

கிளை கழிக்கும் பாத்தியதையே இக்கதைக்கு உயிர்நிலை. அக்காட்டில் பீச், ஓக், ஹார்ன்பீம் என்னும் மூன்று ஜாதி மரங்களே மிகுதி. ஹார்ன்பீம் மரத்தின் கட்டை கல்லைப்போல் உறுதியானது. அடுப்பில் இட்டால் நின்று எரிந்து மிகுந்த வெப்பம் தருவது. கிராமவாசிகள் மரத்தை அடியோடு வெட்டுவதில்லை. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மாடும் மானும் எட்டித் தழையைக் கடிக்க முடியாத மட்டத்தில், தலையை மொட்டையாக வெட்டிவிடுவார்கள். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கையை வெட்டிவிட்ட இடத்திலிருந்து மறுபடி கிளை வெடிப்பதுபோல், அந்த மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து புதுக் கிளைகள் கிளம்பும். பத்து அல்லது பதினைந்து வருஷம் கழித்து அவை விறகுக்கு ஏற்ற பருமன் அடைந்ததும் மறுபடி கழிப்பார்கள். இவ்வாறு வெட்டுண்டே வளர்ந்த மரம் வெட்டாத மரத்தைவிட நீண்ட ஆயுள் பெறுகிறது என்பது தாவர சாஸ்திரிகள் கண்ட உண்மை. அடிமரம் தடித்து, பொந்தும் முண்டுமாய், பல நூற்றாண்டு வயதுடன் நிற்கும் இத்தகைய மரங்கள் இன்று அவ்வனத்தில் ஏறக்குறைய 50,000 இருக்கின்றன. இன்று படம் எடுக்க வருவோர் வியந்து நிற்கும் விசித்திர வடிவங்கள் யாவும் ஏழைகளின் கோடரி செதுக்கியவை என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

வனத்தின் நடுவில் உள்ள லௌட்டன் கிராமத்தில் இப்பாத்தியதை ஒரு சடங்காகவே வளர்ந்திருந்தது. நவம்பர் மாதம் 11-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும் கிளை கழிக்கும் காலம் பிறக்கும்; ஏப்ரல் 23-ஆம் தேதி, புனித ஜார்ஜின் திருநாளோடு, அது முடியும். அந்த நள்ளிரவில் கிராமத்தார் காட்டிலே ஒரு மேட்டில் கூடித் தீ வளர்த்து, பானம் அருந்தி, மணி பன்னிரண்டு அடித்தவுடன் முதற்கிளையை வெட்டி வீழ்த்துவார்கள். வருஷந்தோறும் அவ்வேளையில் யாரேனும் ஒருவர் கிளை வெட்டத் தவறினால் கிராமத்தின் பாத்தியதை முழுவதுமே அழிந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எலிஸபெத் மகாராணியே அந்த உரிமையை அளித்தாள் என்று ஒரு கர்ண பரம்பரையும் உண்டு. சாசனத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைப் பற்றி அம்மக்கள் கவலைப்படவில்லை. வருஷந்தவறாத அநுஷ்டானமே அவர்களுக்குச் சாசனமாக இருந்தது.

உல்லாசத்துக்கும் அக்காட்டில் பழைய சரித்திரம் உண்டு. எட்டாம் ஹென்றிக்காக 1543-இல் சிங்ஃபோர்டு மேட்டில் மரச் சட்டங்களால் கட்டப்பட்ட மூன்றடுக்கு மாளிகை ஒன்று இன்றும் நிற்கிறது. எலிஸபெத் மகாராணியின் பெயரால் வழங்கும் அம்மாளிகையின் மேல்தளங்கள் ஆதியில் சுவரில்லாமல் திறந்திருந்தன. ராஜ விருந்தினர் அங்கிருந்தபடியே கீழே ஓட்டிவரப்படும் மான்களை நோக்கி அம்பெய்வார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். லண்டன் நகரத்தாருக்கும் ஈஸ்டர் திங்களன்று மான் வேட்டைக்குப் புறப்படும் சம்பிரதாயம் இருந்தது. அது நாளடைவில் குதிரையேறத் தெரியாத வியாபாரிகளின் கோலாகலமாகச் சீரழிந்ததைத் தாமஸ் ஹூட் என்ற கவி 1829-இல் ஒரு நகைச்சுவைப் பாடலாகவே எழுதிவிட்டார். இவற்றைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது அடுத்திருந்த ஹேனால்ட் வனத்தில் நடந்த ஃபேர்லாப் சந்தைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் வாப்பிங் துறையில் கப்பல்களுக்குக் கப்பிகள் செய்து பிழைத்த டேனியல் டே என்பவர், ஜூலை மாதத்து முதல் வெள்ளிக்கிழமைதோறும் தம் நண்பர்களையும் தொழிலாளர்களையும் அழைத்துப்போய், மிகப் பெரிய ஓர் ஓக் மரத்தின் நிழலில் அவரைக்காய்க் கொட்டையும் பன்றியிறைச்சியுமாக விருந்து வைப்பார். கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகி அதுவே ஒரு பெரிய சந்தையாயிற்று. கப்பி செய்வோர் சக்கரங்கள்மேல் ஏற்றிய படகுகளில் அமர்ந்து, குதிரைகள் இழுக்க, வாத்திய கோஷத்தோடு காட்டுக்கு வருவார்களாம். டே 1767-இல் காலமானபோது, அம்மரத்தின் கிளையில் செய்த பெட்டியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1820-இல் புயலில் மரம் சாய்ந்தது. அதற்குப் பின்பும் சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறிற்று. அரசர்களுக்கு வேட்டையில் நாட்டம் குறைந்து போயிற்று. சர்க்கார் காடுகளை நிர்வகித்த அதிகாரிகளுக்கோ மான்களைவிட வருமானமே பெரிதாகத் தோன்றியது. 1851-இல் பார்லிமெண்டு ஒரு சட்டத்தின் மூலம் ஹேனால்ட் வனத்தின் வன அந்தஸ்தை ரத்துசெய்தது. சில வாரங்களுக்குள் பெரும்பாலான மரங்கள் பிடுங்கப்பட்டு, பழைய காடு இருந்த இடம் உழவு நிலமாயிற்று. எப்பிங்கிலோ சர்க்கார் வேறு வழியைக் கையாண்டது. அங்கே மன்னருக்கு இருந்த வன அதிகாரத்தை ஏக்கருக்கு ஏறக்குறைய 5 பவுன் வீதம் அந்தந்தப் பிரபுக்களுக்கே விற்கத் தொடங்கியது. மூவகைப் பாத்தியதைகளில் ஒன்றை மற்றொருவர் விலைக்கு வாங்கிக்கொண்ட அக்கணத்திலேயே நான் மேலே சொன்ன சிக்கல் அவிழ்ந்தது. இனி வேலி போட்டால் கேட்பதற்கு ராஜாவின் ஆள் இல்லை. எஞ்சியிருந்தவர்கள் எழுத்தறியாத குடிகளே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய 9,000 ஏக்கராகத் திறந்து கிடந்த காடு, 1870-ஐ ஒட்டி ஏறக்குறைய 3,000 ஏக்கராகச் சுருங்கிப்போயிற்று.

லௌட்டன் கிராமத்தில் பண்ணைப் பிரபுவாகவும் தேவாலய குருவாகவும் ஒருங்கே விளங்கிய ஜான் விட்டேகர் மெய்ட்லண்ட் என்பவர், 1860-களின் நடுவில் ஏறத்தாழ 1,300 ஏக்கர் காட்டுக்கு வேலி போட்டார். குடிகளில் சிலருக்குச் சிறு தோட்ட நிலமும் பணமும் கொடுத்துச் சமாதானம் செய்தார். தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய விறகுவெட்டி சமாதானமடையவில்லை. வேலி போட்ட பின்பும் நவம்பர் நள்ளிரவில் தம் மக்களோடு சென்று அவர் கிளை கழித்தார். பிரபுவின் ஆட்கள் கிராமத்தாரை ஒரு விடுதிக்கு அழைத்து வயிறார உண்ணவும் குடிக்கவும் வைத்து, மணி பன்னிரண்டு கடக்கும்வரை நிறுத்திவைக்க முயன்றார்கள் என்றும், கிழவர் மட்டும் நழுவிச் சென்று கிளையோடு திரும்பி வந்தார் என்றும் அவ்வூரார் சொல்லும் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, எனக்கு அது மெய்யாகவே இருக்கவேண்டும் என்றுதான் ஆசை. மெய் என்பதில் சந்தேகமில்லாதது வேறொன்று உண்டு: 1866-இல் வில்லிங்கேல் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், மரத்தைச் சேதப்படுத்திய குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். அபராதம் கட்டித் தப்பித்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை.

அதற்கு முந்தின வருஷமாகிய 1865-இல்தான் ஜார்ஜ் ஷா-லெபெவர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினரின் முயற்சியால், பொது நிலங்களைக் காக்கும் சங்கம் ஒன்று லண்டனில் ஸ்தாபிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஆக்டேவியா ஹில் அம்மையாரோடு சேர்ந்து நேஷனல் டிரஸ்டை நிறுவிய ராபர்ட் ஹண்டர் சில வருஷங்களில் அச்சங்கத்தின் வக்கீலானார். சங்கத்தார் 1866-இல் வில்லிங்கேலின் பெயரால் வியாஜ்யம் தொடுத்தார்கள். வாதி லௌட்டன் வாசியாக இருந்தால்தான் வழக்கு நிற்கும். அவ்வூரிலோ கிழவருக்கு வீடு கிடைப்பது நாளுக்கு நாள் துர்லபமாயிற்று என்று ஷா-லெபெவர் எழுதியிருக்கிறார். 1870-இல் வில்லிங்கேல் காலமானார். அவரோடு அந்த வழக்கும் முடிந்தது. ஆனால் அந்த நான்கு வருஷ காலமும் லௌட்டன் காட்டில் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. ஒரு கிழவருடைய வழக்கு வாங்கிக் கொடுத்த அவகாசத்தில்தான் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

1871-ஆம் வருஷம் ஜூலை மாதம் 8-ஆம் தேதி, வனத்தின் தென்கோடியாகிய வான்ஸ்டெட் புல்வெளியில், கௌலி பிரபு போட்ட வேலியைக் கண்டித்துக் கிழக்கு லண்டன் வாசிகள் பல்லாயிரவர் கூடினார்கள். தையற்காரர்கள், துறைமுகக் கூலிகள், தச்சர்கள், அவர்களுடைய மனைவிமக்கள் என்று கூடிய அக்கூட்டத்தில் தலைவர்கள் அமைதியை வற்புறுத்திப் பேசினார்கள். ஆயினும் மாலையில் வேலி முறிந்து தூளாயிற்று. வன்முறையைப் புகழ்வது என் கருத்தன்று. ஆனால் ஒரு விஷயத்தைக் குறிப்பிடவேண்டும். வில்லிங்கேல் கேட்டது விறகு. வான்ஸ்டெட்டில் கூடியவர்கள் கேட்டது காற்றும் வெளியும். புகையும் சாக்கடையும் நிறைந்த சந்துகளில் வாழ்ந்த அவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை நடந்து போய்ப் புல்லில் உட்காருவதற்குச் சட்டத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை. பொழுதுபோக்கு என்பதை அக்காலத்து நியாயாதிபதிகள் ஒரு சொத்துரிமையாக ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். ஆகவே மாட்டின் உரிமையைக் கொண்டுதான் மனிதனின் உல்லாசத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் லண்டன் நகரக் கார்ப்பரேஷன் பிரவேசிக்கிறது. நகரத்துக்குள் புதைக்க இடமில்லாமையால், கார்ப்பரேஷன் 1850-களில் வனத்தின் தெற்கே லிட்டில் இல்ஃபோர்டில் பண்ணை நிலம் வாங்கி மயானம் அமைத்திருந்தது. அந்நிலத்தோடு மாடு மேய்க்கும் பாத்தியதையும் சேர்ந்தே வந்திருந்தது. ஒரு பண்ணையின் பாத்தியதையை வைத்துக்கொண்டு மற்றப் பண்ணைகளின் பிரபுக்கள்மீது எப்படி வழக்காடுவது? பிரபுக்களின் வக்கீல்கள் ஒவ்வொரு பண்ணையும் தனித்தனி என்று வாதித்தார்கள். ஹண்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் பழைய வன நியாயஸ்தலப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே என்றும் வேலி இருந்ததில்லை என்றும், அடையாளமிட்ட மாடு எந்தக் கிராமத்து மாடானாலும் வனம் முழுவதிலும் மேய்ந்து திரியும் வழக்கமே தொன்றுதொட்டு நிலவியது என்றும் நிரூபித்தார்கள். மாடு எல்லை அறியாது. அந்த அறியாமையே சட்டமாக நின்றது. 1871-இல் தொடுத்த வழக்கில் 1874-இல் தீர்ப்பு வந்தது. சர் ஜார்ஜ் ஜெஸ்ஸல் என்னும் நியாயாதிபதி, கடந்த 20 வருஷங்களில் போடப்பட்ட வேலிகள் சட்டவிரோதமானவை என்று தீர்த்தார். வழக்குக்கும் பின்னர் நிலங்களை வாங்குவதற்கும் ஆன பெருஞ்செலவுக்குக் கார்ப்பரேஷன் கண்ட வழியும் சுவையானது: தேம்ஸ் துறையில் இறங்கும் தானியத்தை அளப்பதற்குத் தான் பழங்காலந்தொட்டு வாங்கிவந்த கூலியை, 1872-இல் சட்டப்படி வெட்டவெளிகளைக் காப்பதற்கான ஒரு தீர்வையாக மாற்றிக்கொண்டது. லண்டன்வாசி தின்ற ஒவ்வொரு ரொட்டியிலும் எப்பிங் வனத்துக்கு ஒரு துளி பங்கு இருந்தது.

1878-இல் எப்பிங் வனச் சட்டம் நிறைவேறியது. வனத்தை வேலியில்லாமலும் கட்டடமில்லாமலும் ஜனங்களின் உல்லாசத்துக்காக என்றென்றும் திறந்துவைக்கும் கடமை கார்ப்பரேஷனைச் சேர்ந்தது. கணக்குகளைத் தீர்க்கும் மத்தியஸ்தராகச் சர் ஆர்தர் ஹாப்ஹவுஸ் நியமிக்கப்பட்டார். அவர் 1872 முதல் 1877 வரையில் இந்தியாவில் வைஸ்ராயின் நிர்வாக சபையில் சட்ட அங்கத்தினராக இருந்து திரும்பியவர். இப்பெயரைக் கண்டவுடன் நம் நாட்டவர் நினைத்துப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே 1878-ஆம் வருஷத்தில்தான் இந்திய வனச் சட்டமும் பிறந்தது. சர்க்கார் காட்டை ரிசர்வ் என்று அறிவித்து, குடிகளின் வழக்கங்களில் பதிவாகாதவற்றை ஒழிக்க அச்சட்டம் இடங்கொடுத்தது. சென்னை ராஜதானியின் ரெவினியூ போர்டார், இந்த ராஜதானியில் ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்கும் அநுபவத்துக்கும் உட்படாத காடே அரிது என்று 1870-களின் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லி ஆட்சேபித்தார்கள். அதனால் 1878-ஆம் வருஷச் சட்டம் இங்கே வரவில்லை. ஆனால் நான்கு வருஷத்தில் சென்னை வனச் சட்டம் வந்தது. குடிகளின் கோரிக்கைகளைக் கேட்பதற்கு அதிகாரி ஒருவரை அது நியமித்தது உண்மையே. எனினும் ரிசர்வ் காட்டுக்குள் அநுமதியின்றி மாடு ஓட்டுவதும் விறகு எடுப்பதும் அன்றிலிருந்து குற்றமாயின. அவ்வருஷம் 1882. எப்பிங்கில் ஒரு மயானத்தின் மேய்ச்சல் உரிமை பன்னிரண்டு மைல் நீளமுள்ள காட்டை மீட்டுக் கொடுத்தபோது, அதே மகுடத்தின்கீழ் வாழ்ந்த கொல்லிமலைக்காரருக்கோ அவர்களுடைய அநுபவம் ஒரு சலுகையாகச் சுருங்கிவிட்டது. இது நியாயமன்று என்று சொல்லுவதற்கு நான் தயங்கவில்லை.

அந்த 1882-ஆம் வருஷம் மே மாதம் 6-ஆம் தேதி, விக்டோரியா மகாராணி சிங்ஃபோர்டில் ரெயிலை விட்டிறங்கி, வண்டியில் ஹைபீச் மேட்டுக்குச் சென்று, பெருந்திரளான ஜனங்களின் முன்னிலையில் வனத்தை மக்களுக்கு அர்ப்பணம் செய்தாள். விறகுவெட்டிகளுக்கு அன்று என்ன கிடைத்தது என்றால், அவர்களுடைய பாத்தியதை முடிவுக்கு வந்தது என்பதே விடை. நகரத்தார் உலாவுகிற காட்டில் மரக் கிளைகளை வெட்டுவது அழகன்று என்று புதிய நிர்வாகிகள் கருதினார்கள். மத்தியஸ்தர் ஹாப்ஹவுஸ் லௌட்டன் மக்களின் உரிமைக்கு 7,000 பவுன் நஷ்டஈடு விதித்தார். அதில் ஒரு பகுதி குடும்பங்களுக்குப் போக, பெரும்பகுதியைக் கொண்டு, ஊராரின் கூட்டங்களுக்கும் கல்விக்குமாக 1884-இல் ஒரு மண்டபம் எழுந்தது. கிளை கழிக்கும் தொழிலின் பெயரையே அதற்கு வைத்து, லாப்பிங் ஹால் என்று அழைத்தார்கள். அதன் ஒரு வாசலின்மேல் கிளை கழிப்போரின் உருவங்கள் சுட்ட மண்ணில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அதன்பின் வந்தது உல்லாசத்தின் யுகம். வான்ஸ்டெட்டில் வேலி முறிந்த அதே 1871-இல்தான் பாங்கு விடுமுறைச் சட்டமும் வந்திருந்தது. லௌட்டனுக்கு 1856-இலும், சிங்ஃபோர்டுக்கு 1873-இலும் ரெயில் வந்துவிட்டது. விடுமுறை நாட்களில் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் ரெயிலிலும் குதிரை வண்டியிலும் வந்து குவிந்தன. மது விற்காத பெரிய தேநீர்க் கூடங்கள் வனத்தின் ஓரங்களில் தோன்றின. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகள் நூற்றுக்கணக்கில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ரொட்டியும் தேநீரும் அருந்தினார்கள். சிங்ஃபோர்டு வெளியில் கழுதைச் சவாரியும் ஊஞ்சலும் நடந்தன. கடல் என்பதையே காணாத குழந்தைகளுக்கு வருஷத்தில் அந்த ஒருநாள்தான் பசுமையைக் காட்டியது. 1888-இல் கோல்ஃப் ஆட்டம் வந்தபோதும் ஜனங்களின் வழியை மறிக்க முடியவில்லை: ஆடுகிறவர்களே சிவப்பு உடை தரித்துத் தங்களை மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்ளவேண்டும் என்று விதி செய்தார்கள், அவ்விதி நெடுங்காலம் நிலைத்தது. லேட்டன்ஸ்டோன் பக்கத்தில், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1905-ஐ ஒட்டித் தோண்டிய குளங்களில் படகு விடுகிறார்கள். 1928-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி ஹைபீச்சில் ஒரு விடுதியின் பின்புறம் நடந்த 'ஸ்பீட்வே' என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கு, சில ஆயிரம் பேரை எதிர்பார்த்திருந்த இடத்தில் 30,000 பேர் திரண்டார்கள். பிரிட்டனில் அந்த விளையாட்டின் தொடக்கமாகவே அது கொள்ளப்படுகிறது.

கவிகளையும் கூறாமல் விடலாகாது. ஜான் கிளேர் 1837 முதல் 1841 வரையில் ஹைபீச்சில் டாக்டர் ஆலனின் மனநோய் விடுதியில் இருந்தார். ஒருநாள் அங்கிருந்து வெளியேறி, கையில் காசின்றி, புல்லைத் தின்று பசியாற்றிக்கொண்டு, 80 மைலுக்கு மேல் நடந்தே தம் வீட்டை அடைந்தார். பொது நிலங்களுக்கு வேலி வந்ததை நினைந்து நெஞ்சு நொந்து பாடியவர் அவர். பக்கத்து ஊரான வால்தம்ஸ்டோவில் பிறந்த வில்லியம் மாரிஸ், சிறுவயதில் தாம் சுற்றித் திரிந்த ஹார்ன்பீம் புதர்களை நிர்வாகிகள் வெட்டிக் களைவதைக் கண்டித்து 1895-இல் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார்.

மாரிஸின் கவலையில் ஓர் ஆழ்ந்த உண்மை இருந்தது. கிளை கழிப்பது நின்றபிறகு மரங்கள் தலைகனத்தன; பீச் மரங்களின் விதானம் மூடிக்கொண்டு தரையில் வெயில் விழாமற் போயிற்று; வெயில் விழாத இடத்தில் புல்லும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் குறைந்தன; பாரம் தாங்காத முதிய மரங்கள் பிளந்து விழுந்தன. ஏழைகளின் கோடரியை அப்புறப்படுத்தி வனத்தைக் காத்துவிட்டோம் என்று எண்ணியவர்கள், அந்த வனத்தை உண்டாக்கியதே அக்கோடரி என்பதை அறியவில்லை. நூறு வருஷம் கழிந்து, நிர்வாகிகளே ஆட்களை அமர்த்தி மறுபடி மரங்களைக் கழிக்கத் தொடங்கினார்கள். 1996-இல் மாட்டு நோயினால் மேய்ச்சல் நின்றுபோன இடங்களில் நீண்ட கொம்புள்ள மாடுகளையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சட்டம் வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததென்று எண்ணவேண்டாம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து வீடிழந்தவர்களுக்காக வெஸ்ட்ஹாம் நகரசபை 1946-இல் வான்ஸ்டெட் புல்வெளியில் வீடு கட்ட இடம் கேட்டது. அது பேராசைக்காரப் பிரபுவின் வேண்டுகோளன்று; நியாயமான துயரத்தின் வேண்டுகோள். அப்படியிருந்தும் சுற்றுப்புறத்து ஏழை மக்களே கையெழுத்து வாங்கி எதிர்த்தார்கள். விசாரணைக்குப் பின் சர்க்கார் கோரிக்கையை மறுத்தது. லண்டனைச் சுற்றி எம்-25 என்ற பெருஞ்சாலை வந்தபோது, எப்பிங்குக்கு அருகே வனத்தின்மேல் ரஸ்தா போட இடங்கொடாமல், நிலத்தைத் தோண்டிச் சுரங்கம் கட்டி மேலே மண்ணை மூடினார்கள். அச்சுரங்கத்தின்மேல் இன்று கிரிக்கெட் ஆடுகிறார்கள். 2012-இல் ஒலிம்பிக் போலீஸ் முகாமுக்காக மூன்று மாதம் புல்வெளியில் வேலி போடுவதற்குக்கூட, 1878-ஆம் வருஷச் சட்டத்தைத் தற்காலிகமாகத் திருத்தவேண்டி வந்தது.

ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் வால்தம்ஸ்டோவிலும் இப்பொழுது ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பகுதியிலுள்ள முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வான்ஸ்டெட் புல்வெளி அதிகத் தொலைவில் இல்லை. அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்ட்ரல் லைன் ரெயிலில் ஏறி லௌட்டனில் இறங்குங்கள். முதலில் லாப்பிங் ஹாலின் வாசலில் உள்ள சிற்பத்தைக் காட்டுங்கள். பிறகு மேட்டின்மேல் ஏறிக் காட்டுக்குள் போங்கள். அங்கே உலாவும் உரிமை, அவ்வூரில் பரம்பரையாக இருப்பவர்களுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு உங்களுக்கும் உண்டு. அவ்வுரிமைக்கு மறுபடியும் ஆபத்து வருமானால் எதிர்த்து எழுதும் கையெழுத்துகளில் உங்களுடையதும் இருக்கட்டும்.